புகையிலை ‘மேம்பாடு’: யாருடைய அளவுகோல்?

நெல்லை மேம்படுத்துவது என்றால் என்னவென்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. கூடுதல் விளைச்சல், நோய் தாங்கும் திறன், வறட்சியைத் தாங்கும் வேர் என எதைச் சொன்னாலும் உழவர், வணிகர், உண்பவர் ஆகிய மூவரின் நலனும் பெரும்பாலும் ஒரே திசையில் அமைகிறது. புகையிலைக்கு அந்த வசதி இல்லை. உழவருக்கு மேம்பாடு என்பது எடை கூடிய, பூச்சி அரிக்காத இலை. நிறுவனத்துக்கு அது நிறம், மணம், எரியும் தன்மை, வேண்டிய எல்லைக்குள் நிற்கும் நிக்கோட்டின் அளவு. பொதுச் சுகாதாரம் பயின்றவருக்கோ புற்றுநோய்க் காரணிகள் குறைந்த இலை. இன்னும் உண்மையாகச் சொன்னால், ஆண்டுதோறும் சுருங்கி வரும் சாகுபடிப் பரப்பு. ஒன்றோடொன்று முரண்படும் இவை மூன்றும் ஆய்வுத் திட்டங்களின் முகப்பில் ‘பயிர் மேம்பாடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட முடிகிறது.

அரசு ஆய்வு நிறுவனங்களும் புகையிலைத் தொழிலும் இணைந்து நடத்தும் கூட்டாய்வைப் பற்றி விவாதிக்கும்போது, ‘முடிவுகள் திரிக்கப்பட்டனவா?’ என்று கேட்பதே நம் வழக்கம். நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிட முந்திய கேள்விகள் இரண்டு உள்ளன. எது மேம்பாடு என்பதை யார் வரையறுக்கிறார்? கிடைத்த அறிவைப் பயன்படுத்துவதா, கிடப்பில் போடுவதா என்பதை யார் முடிவுசெய்கிறார்? ஆய்வு முழுக்க நேர்மையாக நடந்தாலும், இந்த இரண்டு இடங்களிலும் பொது அறிவியல் தன் உரிமையைக் கைவிட்டுவிட முடியும். அந்த உரிமை மீட்கப்படும்வரை இத்தகைய கூட்டாய்வுகளில் அரசு நிறுவனங்கள் ஈடுபடக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. பதிவு நீளமானது, காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கடனை ஒப்புக்கொள்வோம். தாவர அறிவியல் புகையிலைக்குப் பெரிதும் கடன்பட்டது. 1892இல் இவானோவ்ஸ்கியும் 1898இல் பெய்ஜரிங்கும் வைரஸ் என்ற கருத்தை எட்டியது புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்தபோதுதான். 1935இல் ஸ்டான்லி படிகமாக்கிக் காட்டியதும் அதே வைரஸைத்தான். நம் திசு வளர்ப்பு ஆய்வகங்களில் நாள்தோறும் கரைத்து ஊற்றும் முராஷிகே–ஸ்கூக் ஊடகம் 1962இல் புகையிலைத் திசுவைக் கொண்டே வகுக்கப்பட்டது. அயல் மரபணு ஏற்றிய முதல் தாவரங்கள் 1983இல் உருவானபோதும் புகையிலையே முன்னணியில் நின்றது. ஆயினும் ஆய்வகத்துப் புகையிலை வேறு, சந்தைக்குப் போகும் புகையிலை வேறு. முதலாவதின் புகழை இரண்டாவதற்குக் கேடயமாகப் பிடிப்பது சரியான வாதமாகாது.

இந்தியாவில் இந்தக் கூட்டு நேற்று முளைத்ததன்று. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கிளையாக இலைப் புகையிலை மேம்பாட்டு நிறுவனம் 1912இலேயே தோன்றி, ஆந்திர வயல்களில் வர்ஜீனியா புகையிலையைப் பரப்பியது. இந்திய மத்தியப் புகையிலைக் குழு 1945இல் அமைந்தது. அதன் கீழ் 1947இல் கோதாவரிக் கரையில் இராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1965இல் அது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. குண்டூர், கந்துகூர், கர்நாடகத்தின் ஹுன்சூர், வங்கத்தின் தின்ஹட்டா, தமிழகத்தின் வேடசந்தூர் ஆகிய இடங்களில் அதன் கிளைகள் அமைந்தன. 1976 முதல் குண்டூரில் இயங்கும் புகையிலை வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ளது. இவற்றுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியின் பங்குகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு அரசுக்குச் சொந்தமான ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் உள்ளது. ஆக, ‘அரசு ஒரு பக்கம், தொழில் மறுபக்கம்’ என்ற எளிய சித்திரம் இங்கே பொருந்தாது. அரசே பல நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறது. அவற்றுள் நலவாழ்வுத் துறையின் நாற்காலி மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போடப்பட்டிருக்கிறது.

அந்த நாற்காலி ஏன் உள்ளே வர வேண்டும் என்பதற்குச் சில எண்கள். 2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 28.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் சுமார் 20 கோடிப் பேர் புகையில்லாப் புகையிலையை மெல்பவர்கள், வாயில் அடக்குபவர்கள். ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கின்றனர். 2017-18இல் இதன் பொருளாதாரச் சுமை 1,77,341 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது.

கூட்டாய்வுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த சான்றை இப்போது எடுத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தைத் தவிர்த்துவிட்டு எழுதுவதில் பயனில்லை.

புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களுள் என்என்என், என்என்கே என்னும் இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்துள்ளது. இவற்றுள் என்என்என் பெரும்பாலும் நார்நிக்கோட்டினிலிருந்து, இலையைப் பதப்படுத்தும்போது உருவாகிறது. நார்நிக்கோட்டினோ நிக்கோட்டினிலிருந்து ஒரு மெத்தில் தொகுதி நீக்கப்படுவதால் வருவது. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி எது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2005இல் வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தையும் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சிஒய்பி82இ4 என்ற மரபணுவே அதற்கு அடிப்படை என்று நிறுவினர். நிதி பிலிப் மோரிஸ் நிறுவனத்தினுடையது. அடுத்த சில ஆண்டுகளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த மேலும் இரண்டு மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. வேதிப்பொருளால் தூண்டிய சடுதிமாற்றங்களின் மூலம் மூன்று மரபணுக்களும் செயலிழந்த செடிகள் உருவாக்கப்பட்டன. அயல் மரபணு எதுவும் அவற்றில் இல்லை. நார்நிக்கோட்டின் மிகக் குறைந்த அளவிலேயே நின்றது. அதனால் என்என்என்னும் கணிசமாகக் குறைந்தது.

இது அழகான அறிவியல். இதில் திரிபு எதுவும் இல்லை. முடிவுகள் முன்னணி ஆய்விதழ்களில் வெளியாயின. நிறுவனப் பணம் வந்தது என்பதற்காக அந்த மரபணுவின் பணி பொய்யாகிவிடாது.

ஆனால் கதை ஆய்விதழோடு முடிவதில்லை. 2017 சனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புகையில்லாப் புகையிலைப் பொருள்களில் என்என்என் அளவு ஒரு கிராம் உலர் எடைக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதியை முன்மொழிந்தது. அதை எட்டுவதற்கான விதை ஆராய்ச்சி அப்போதே கைவசம் இருந்தது. ஆண்டுகள் பல கடந்தும் அந்த முன்மொழிவு நடைமுறை விதியாகவில்லை. நம் நாட்டிலோ இத்தகைய உச்சவரம்பே நடைமுறையில் இல்லை. புற்றுநோய்க் காரணியைக் குறைக்கும் வழி தெரிந்திருக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் மட்டும் இவ்விரு நாடுகளிலும் இயங்கவில்லை. அவ்விடத்தில் ‘எந்தச் சந்தைக்கு, எப்போது, எவ்வளவு’ என்பதை நிறுவனத்தின் வணிகக் கணக்கே முடிவுசெய்கிறது.

இந்தியச் சூழலில் ஒரு கூடுதல் முரணும் உண்டு. நம் வர்ஜீனியா இலை பெரும்பாலும் விறகுச் சூளைகளில், புகை இலையைத் தொடாதபடி குழாய்களின் வெப்பத்தால் உலர்த்தப்படுகிறது. ஆகவே அதில் நைட்ரோசமைன்கள் இயல்பாகவே குறைவு. அந்த இலையில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. நைட்ரோசமைன்களால் உண்மையில் மிகுதியாகத் தாக்கப்படுபவர் கைனி, குட்கா, ஜர்தா பயன்படுத்தும் இந்தியரே. அந்தப் பொருள்களில் இலையின் மரபியலோடு, பதப்படுத்தல், நொதித்தல், சேமிப்பு ஆகிய ஒவ்வொரு படியிலும் நைட்ரோசமைன் கூடுகிறது. நலவாழ்வை அளவுகோலாகக் கொண்டால் ஆய்வின் முதல் கவனம் அங்கேதான் விழ வேண்டும். வாங்கும் ஆற்றல் மிக்க நிறுவனத்தின் தேவையை அளவுகோலாகக் கொண்டால் வர்ஜீனியா இலை மீது விழும். அளவுகோல் மாறினால் ஆய்வுக் களமே மாறிவிடுகிறது.

இதே கட்டமைப்பு எதிர்த்திசையில் என்ன செய்யும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் பயிரிடும் புகையிலையை நிக்கோட்டின் மிகுந்த மற்றோர் இனமான நிக்கோட்டியானா ரஸ்டிகாவுடன் கலந்து சோதனை வரிசைகளை உருவாக்கினர். பின்னாளில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனம் அந்த வழியில் வந்த ‘ஒய்-1’ என்ற ரகத்தைத் தனியார் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் துணையுடன் வளர்த்தெடுத்து, பிரேசிலில் பயிரிட்டது. அதன் இலையில் நிக்கோட்டின் சுமார் 6 விழுக்காடு. வழக்கமான இலையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 1994 சூன் 21 அன்று உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தலைவர் டேவிட் கெஸ்லர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதை வெளிப்படுத்தினார். அந்த இலை ஐந்து சிகரெட் வகைகளில் கலக்கப்பட்டு விற்பனையானது தெரியவந்தது. விதையைச் சட்டவிரோதமாக நாட்டுக்கு வெளியே அனுப்பச் சதி செய்ததாக அந்த உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

என்என்என் குறைந்த செடியும் நிக்கோட்டின் கூடிய செடியும் அறத்தளவில் எதிரெதிரானவை. ஆனால் நிறுவன அமைப்பின் கண்ணோட்டத்தில் அவை இரட்டைப் பிறவிகள். இரண்டிலும் அடிப்படை அறிவு பொது நிறுவனத்தில் பிறந்தது. இரண்டிலும் அந்த அறிவு சந்தையில் என்னவாக மாறும் என்பதைத் தனியார் தீர்மானித்தனர். நல்ல விளைவு கிடைத்த இடத்தில் நாம் நிறுவனத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்தோம். தீய விளைவு கிடைத்த இடத்திலும் அதையே சார்ந்திருந்தோம். பிறருடைய நல்லெண்ணத்தை நம்பி நிற்பது ஓர் ஆய்வுக் கொள்கையாகாது.

இங்கே எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

முதலாவது, உழவர். ‘ஆய்வை நிறுத்தினால் சூளை கட்டிக் கடன்பட்டிருக்கும் உழவர் என்ன ஆவார்?’ இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் இது முழுமையாகக் கேட்கப்படுவதில்லை. வர்ஜீனியா புகையிலையில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதைப் பதிவு பெற்ற சூளைவாரியாக வாரியமே வரையறுக்கிறது. அந்த வரம்புக்குள், உயர் விளைச்சல் ரகம் உழவரின் செலவைக் குறைக்கலாம். ஏல விலையை உயர்த்த அதனால் இயலாது. மறுபுறம், உழவரின் உடலைத் தொடும் கேள்விகள் பின்தங்கியே கிடக்கின்றன. நனைந்த இலையைப் பறிக்கும்போது நிக்கோட்டின் தோல் வழியே ஊடுருவி வாந்தியும் தலைசுற்றலும் உண்டாக்கும் ‘பச்சைப் புகையிலை நோய்’ அரை நூற்றாண்டாக மருத்துவ இலக்கியத்தில் உள்ளது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் புகையிலைத் தொழிலாளரிடம் இதை ஆராய்ந்திருக்கிறது. அப்படியானால், புதிய ரகத்தை வெளியிடும்போது விளைச்சலோடும் நிக்கோட்டின் அளவோடும் பறிப்பவரின் தோல்வழிப் பாதிப்பையும் ஏன் ஓர் அளவுகோலாகச் சேர்க்கக் கூடாது? ஒரு கிலோ இலையை உலர்த்தப் பல கிலோ விறகு எரிகிறதே, அது ஏன் ரகத் தேர்வின் கணக்கில் வரக் கூடாது? உழவரின் பெயரால் பேசும் கூட்டாய்வு உழவரின் கேள்விகளைக் கொண்டே தொடங்கட்டும்.

இரண்டாவது, பணம். ‘அரசு நிதி போதவில்லை, வேறு வழியென்ன?’ ஆய்வு மாணவர் எவருக்கும் இந்த வாதத்தின் வலி தெரியும். மாதங்கள் கடந்து வரும் உதவித்தொகையில் வாழ்பவர்கள் நாம். ஆனால் புகையிலைத் தொழிலிலிருந்து ஆய்வுக்குப் பணம் பெற வேண்டுமென்றால் அதை வரியாகப் பெறலாம். நன்கொடையாகவோ திட்ட நிதியாகவோ பெற வேண்டியதில்லை. வரி கொடுத்தவர் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

மூன்றாவது, ‘குறைந்த தீங்கும் ஒரு நன்மைதானே?’ ஆம். என்என்என் குறைந்த விதையை நாளையே நம் மெல்லும் புகையிலை ரகங்களில் கொண்டுவர முடியுமென்றால் நான் வரவேற்பேன். ஆனால் ‘லைட்’ சிகரெட்டின் வரலாற்றை மறக்கலாகாது. எந்திரத்தில் அளந்தபோது தார் குறைந்தது. மனிதர் ஆழமாக இழுத்து அதை ஈடுசெய்தனர். நலவாழ்வில் பொருட்படுத்தத்தக்க பயன் இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு அறிக்கை முடிவுகட்டியது. அதற்குள் பல கோடிப் பேர், விடுவதற்குப் பதிலாக ‘லைட்’டுக்கு மாறியிருந்தனர். ஒரு நச்சுப்பொருள் குறைந்த இலை, ‘பாதுகாப்பான புகையிலை’ என்ற விளம்பரமாக மாறுவதற்கு நீண்ட தொலைவு தேவையில்லை. அந்தத் தொலைவைக் காக்கும் வேலி ஒழுங்குமுறைச் சட்டம் மட்டுமே.

கூட்டாளியின் பெயர் நல்ல அறிவியலையே மூழ்கடித்துவிடும் என்பதற்கு அண்மைச் சான்று கனடாவின் மெடிகாகோ. புகையிலையின் உறவினமான நிக்கோட்டியானா பெந்தமியானாவில் அது உருவாக்கிய கோவிட் தடுப்பூசிக்கு 2022 பிப்ரவரியில் கனடா அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் பிலிப் மோரிஸ் அதில் பங்குதாரராக இருந்ததால் உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்க முன்வரவில்லை. மறு ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது. மூடலுக்கு வேறு வணிகக் காரணங்களும் இருக்கலாம். எனினும் புகையிலைப் பேரினத்தை உயிர்காக்கும் மருந்துத் தொழிற்சாலையாக்க விழையும் ஆய்வாளருக்கு இதில் தெளிவான பாடம் உண்டு.

சட்டத்தின் நிலையையும் பார்த்துவிடுவோம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகளாவிய உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 5.3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. 17, 18ஆம் பிரிவுகள் உழவரின் மாற்று வாழ்வாதாரத்தையும் பயிரிடுவோரின் உடல்நலத்தையும் பேசுகின்றன. 2010இல் பெங்களூரில் நடக்கவிருந்த உலகப் புகையிலைத் தொழில் மாநாட்டுக்கு வாரியம் ஆதரவளிக்க முனைந்தபோது கர்நாடக உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. வாரியம் விலக நேர்ந்தது. 2020இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் தன் அலுவலர்களுக்கான நடத்தை நெறிகளை வெளியிட்டது. அது அந்தத் துறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. புகையிலை ஆய்வு நடப்பதோ வேளாண் துறையில். வணிகம் நடப்பதோ வணிக அமைச்சகத்தில். கதவு இருக்குமிடத்தில் பூட்டு இல்லை.

நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, 5.3ஆம் பிரிவின் நடத்தை நெறிகள் வேளாண், வணிக அமைச்சகங்களுக்கும் அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். இரண்டு, புகையிலை தொடர்பான எந்த ஆய்வுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளிக்கும் குழுவில் நலவாழ்வுத் தரப்புக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். புகையில்லாப் புகையிலைக்கான உலகளாவிய அறிவு மையமாக நொய்டாவில் செயல்படும் தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை இதற்கு அழைக்கலாம். மூன்று, தீங்கு குறைக்கும் எந்தப் பண்பும் பொது உடைமையாகவே இருக்க வேண்டும். எவருக்கும் தனியுரிமம் தரக் கூடாது. அது கண்டறியப்பட்டவுடன் பொருளின் தர வரம்பாகச் சட்டமாக்கப்பட வேண்டும். நான்கு, நடைமுறையில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் அனைத்தும், வெளியீட்டு உரிமை குறித்த விதிகள் உட்பட, முழுமையாகப் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

இவை நிறைவேறும்வரை இராஜமுந்திரியின் அறிவு வீணாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். புகையிலைப் புழுவுக்கு எதிரான உயிரியல் கட்டுப்பாடு, துணைநொதி க்யூ10 தயாரிக்க மூலப்பொருளாகும் இலைச் சொலனெசால், நிக்கோட்டின் இல்லாத விதை எண்ணெய் என நிறுவனத்தின் தயவு தேவைப்படாத பணிகள் அங்கே முன்பே உள்ளன. அந்த நிலையமே அண்மையில் வணிக வேளாண்மைக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனமாகப் பெயர் மாறி, மிளகாய், மஞ்சள், ஆமணக்கு, அமுக்கரா ஆகியவற்றையும் தன் பொறுப்பில் ஏற்றுள்ளது. பெயர்ப்பலகையில் நேர்ந்த மாற்றம் நிதி ஒதுக்கீட்டிலும் நேர்கிறதா என்பதை நாம் கவனிக்க வேண்டும். புகையிலையிலிருந்து மிளகாய்க்கு மாற விரும்பும் உழவருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் ஆய்வே இன்று உண்மையான ‘புகையிலை மேம்பாடு’.

இறுதியாக, சக ஆய்வு மாணவர்களுக்கு. புகையிலைத் திட்டம் ஒன்றில் சேர அழைப்பு வந்தால், நிதி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் எது வெற்றி என்பதை யார் எழுதினார்? முடிவு நிதியளித்தவருக்குப் பிடிக்காததாக அமைந்தால் அதை வெளியிட உங்கள் கையெழுத்து மட்டும் போதுமா? நீங்கள் உருவாக்கும் விதை யாருடைய கிடங்கில் உறங்கும்? மூன்றுக்கும் தாளில் எழுதப்பட்ட விடை கிடைக்காவிட்டால், நெறியாளர் வருந்துவார் என்பதற்காக ஒப்பமிடாதீர்கள்.

உடன்படாத பேராசிரியர்களும் நண்பர்களும், குறிப்பாக வேளாண் ஆய்வு நிலையங்களில் பணியாற்றுவோர், விரிவாக மறுத்து எழுத வேண்டுகிறேன். இந்த உரையாடல் மருத்துவர்களுக்கும் வேளாண் அறிஞர்களுக்கும் இடையே நடந்திருக்க வேண்டியது. இவ்வளவு காலம் அவரவர் கருத்தரங்குகளுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது போதும்.